நான் ஒண்ணும் தொடல

மாடியப் பாத்துட்டீங்க. தண்ணி எப்ப வரும், வண்டி எங்க நிறுத்தணும், எல்லாம் சொல்லிட்டேன். பிடிச்சிருக்குன்னும் சொல்லிட்டீங்க. கிளம்புற நேரத்துல, செருப்புல ஒரு கால விட்டுக்கிட்டே, "வைஃபை இருக்கா சார்?"னு கேக்குறீங்க பாருங்க, அதுக்கு மட்டும் நின்னுக்கிட்டே பதில் சொல்ல முடியாது. உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

இருக்கு சார். மொட்டை மாடியில துணிக்கொடி கட்டியிருக்கேன்ல, அது வரைக்கும் எடுக்கும். நடந்து பாத்து வச்சிருக்கேன். ஆனா அத வச்சு இந்த வீட்ல ஒரு விஷயம் நடந்துபோச்சு. குடிவந்த பிறகு நீங்க அக்கம்பக்கத்துல கேட்டுத் தெரிஞ்சுக்கிறதவிட நானே சொல்லிடுறது நல்லது. அக்கம்பக்கத்துல வேற மாதிரி சொல்லுவாங்க.

நான் மில்லுல இருந்தவன். ஸ்பின்னிங் மில்லு, டைம் ஆபீஸ். முப்பத்தோரு வருஷம். கேட்டுக்குள்ள யார் வர்றா, யார் போறா, எத்தன மணிக்கு, எந்த ஷிப்ட்டு, அதுதான் வேல. ரிஜிஸ்டர்ல பேர் இருந்தா உள்ள. இல்லன்னா நீ யாரா இருந்தாலும் வெளிய. முதலாளியோட மச்சானையே ஒருதடவ வெயில்ல நிறுத்தி வச்சிருக்கேன். அப்புறம் கூப்ட்டு, "தெய்வசிகாமணி, நீ இருக்கிற வரைக்கும் கேட்டப் பத்தி எனக்குக் கவலை இல்ல"ன்னாரு. மச்சான் இல்ல சார், முதலாளி சொன்னாரு. மச்சான் அதுக்கப்புறம் எங்கிட்ட பேசவே இல்ல.

எனக்கு ஒரே பொண்ணு. சங்கமித்ரா. மித்ரான்னு கூப்பிடுவோம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அவ காலேஜ்ல இருக்கும்போதுதான் இந்தக் கனெக்ஷன் வாங்கினேன். இங்க சிறுமலை அடிவாரமா, போன்ல டவர் ஒரு கோடுதான் காட்டும். உங்க போனப் பாருங்க. ஆங், அந்த ஒரு கோடுதான். அதனால வாங்கினேன். நல்லதுக்குத்தான் வாங்கினேன்.

மாட்ட வந்தவர்கிட்ட கேட்டேன், "இதுக்குள்ள வேற யாரும் வராம இருக்க என்ன வழி?"ன்னு. "பாஸ்வேர்டு இருக்குல்ல சார், அது போதும்"னாரு. பாஸ்வேர்டு எப்படிப் போதும்? அது வாய்வார்த்தைதானே. ஒருத்தர் ஒருத்தர்கிட்ட சொன்னா போச்சு. ரொம்பக் கேட்டதுக்கப்புறம் காட்டுனாரு. மோடத்துக்குன்னு ஒரு பக்கம் இருக்கு சார், கம்ப்யூட்டர்ல திறந்து பாத்தா யார் யார் உள்ள இருக்காங்கன்னு தெரியும். ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் எழுத்தும் எண்ணுமா பன்னெண்டு இலக்கத்துல ஒரு நம்பர் உண்டாம். அந்த நம்பர நாமளே ஒரு லிஸ்ட்ல ஏத்தி வச்சிட்டா, லிஸ்ட்ல இருக்கிறது மட்டும் உள்ள வரும். மத்தது பாஸ்வேர்டு சரியாப் போட்டாலும் வெளியதான். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? மில்லு கேட்டையே வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்ச மாதிரி இருந்துச்சு.

ஆனா உடனே போடல. அத நான் சொல்லியாகணும். சும்மா போடல. ஒரு ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கத்தத் திறந்து பாக்குறேன், வீட்ல இருக்கிறது நாலு மெஷினு, உள்ள அஞ்சு நிக்குது. அஞ்சாவது யாருன்னு கேட்டேன். கூடப் படிக்கிற பொண்ணு நோட்டு வாங்க வந்துச்சுல்ல, அது போன்னு மித்ரா சொன்னா. பொண்ணாவே இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லலையே. அன்னைக்கு லிஸ்ட் போட்டேன். என் போன், என் வீட்டம்மா வளர்மதி போன், மித்ரா போன், லேப்டாப். நாலு பேர். நோட்டுலயும் எழுதி வச்சேன்.

பரீட்சை மாசத்துல மித்ரா போன மட்டும் லிஸ்ட்லருந்து எடுத்துடுவேன். முடிஞ்சதும் அவளே வந்து கேப்பா, சேத்துடுவேன். ஒருதடவ கேக்கல. பன்னெண்டு நாள் கேக்காமயே இருந்தா. வளர்மதிதான் வந்து, "ஏங்க, புள்ள கேக்க மாட்டா, நீங்களே போட்டு விடுங்க"ன்னா. கேட்டாத்தானே போடுவேன்? கேக்கிறதுல என்ன குறைஞ்சிடப் போகுது?

படிப்பு முடிஞ்சு ஒண்ணரை வருஷம் வீட்லதான் இருந்தா. நாங்க ஜாதகம் எடுத்து வச்சிருந்தோம். அவ லேப்டாப்ப வச்சுக்கிட்டு எந்நேரமும் என்னத்தையோ தட்டிக்கிட்டே இருப்பா. ஒருநாள் பக்கத்து வீட்டு ஜெஸிந்தா டீச்சர், இடது பக்கத்து வீடு, செம்பருத்திச் செடி நிக்குதே அதுதான், அவங்க காம்பவுண்டுக்கு மேல எட்டிப் பாத்து, "மித்ராவுக்குப் புனே கம்பெனியில ரெண்டு ரவுண்டு முடிஞ்சிருச்சாமே சார், சந்தோஷம்"ங்கிறாங்க. எனக்கே தெரியாது. என் வீட்டு விஷயம் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கத்துலருந்து வருது. நான் சிரிச்சு வச்சேன்.

கேட்டப்ப, "கடைசி ரவுண்டுக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்ப்பா"ன்னா. கடைசி ரவுண்டு திங்கக்கிழமை பதினொரு மணி. வீட்லருந்தே வீடியோவுல. போன்ல முடியாதாம், அவங்க கணக்கு குடுப்பாங்க, இவ ஸ்கிரீனக் காட்டிக்கிட்டே எழுதணுமாம். சரி, எழுதுன்னேன். புனேயா, அவ்வளவு தூரமான்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. கிடைச்சா பாத்துக்கலாம்னு விட்டேன்.

வெள்ளிக்கிழமை லேப்டாப் மக்கர் பண்ணுது. நெட்டு வருது, போகுது, வருது, போகுது. நானே வண்டியில வச்சு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சர்வீஸ் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். நல்லா கவனிங்க, நான்தான் எடுத்துட்டுப் போனேன். அவ வேலைக்குப் போகக் கூடாதுன்னு நினைச்சவன் எடுத்துட்டுப் போவானா? டீச்சர் வீட்ல இத யாரும் சொல்ல மாட்டாங்க.

ஞாயிறு கடை லீவு. திங்கக்கிழமை ஒம்பதரைக்குக் கடை திறக்கும்போது வாசல்ல நின்னேன். "வைஃபை கார்டு போயிருந்துச்சு சார், புதுசு போட்டாச்சு"ன்னு கடைக்காரர் பழைய கார்டக் கையில குடுத்தாரு. தபால் தல அளவுதான் இருக்கு. அவங்க கடை நெட்டுல போட்டும் காமிச்சாரு, சர்ருனு ஓடுச்சு. பத்து பத்துக்கு வீட்ல இருந்தேன்.

மித்ரா தல வாரி, நீலச் சட்ட போட்டு உக்காந்திருக்கா. பின்னால சுவத்துல காலண்டரக் கழட்டியிருந்தா. லேப்டாப்பத் திறந்தா, எங்க வைஃபை பேரு காட்டுது. தட்டுனா பாஸ்வேர்டு கேட்டுச்சு. போட்டா. சுத்துச்சு, சுத்துச்சு, இணைக்க முடியலன்னு வந்துச்சு.

மறுபடி போட்டா. அதேதான். நான் நோட்ட எடுத்து ஒவ்வொரு எழுத்தா படிச்சேன், பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எதுன்னு. "அப்பா, எனக்கு மனப்பாடமாத் தெரியும்ப்பா"ன்னா. தெரிஞ்சாலும் சரி பாக்கணும்ல. படிச்சேன். போட்டா. இணைக்க முடியல.

லேப்டாப்ப அணைச்சுப் போட்டா. மோடத்த அணைச்சு, முப்பது எண்ணி, போட்டேன். நாலு விளக்கும் பச்சையா எரியுது. வளர்மதி போன்ல நெட்டு ஓடுது. என் போன்லயும் ஓடுது. லேப்டாப்பத் தூக்கிட்டுப் போய் மோடத்துக்கு நேர் கீழ, ஷூ ஸ்டாண்டு மேல வச்சு, அவ முட்டி போட்டுத் தட்டுறா. அப்பவும் முடியல. பழைய பதிவ அழிச்சிட்டுப் புதுசாச் சேருன்னு எங்கயோ போட்டிருந்துச்சாம், அதையும் செஞ்சா. மோடத்துலருந்து நேரா ஒயர் மாட்டலாம்னா, அந்த லேப்டாப்புல அதுக்கு ஓட்டையே இல்ல.

மணி பத்தரை. மித்ரா என்ன நிமிர்ந்து பாத்தா. "அப்பா, மோடத்துல ஏதாவது மாத்துனீங்களா?"

"நான் ஒண்ணும் தொடல"ன்னேன்.

உண்மதான சார்? நான் அந்தப் பக்கத்தத் திறந்தே மாசக்கணக்காச்சு. அன்னைக்கு நான் எதத் தொட்டேன்?

கஸ்டமர் கேருக்குப் போட்டேன். ஒண்ண அழுத்து, ரெண்ட அழுத்துன்னு சொல்லி, பாட்டுப் போட்டு, அப்புறம் ஒரு பொண்ணு வந்துச்சு. நல்லாத்தான் பேசுச்சு. "சார், மோடத்துல ஃபில்டர் ஏதாவது போட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டுச்சு. இல்லம்மான்னேன். எனக்கு ஃபில்டர்னு யார் சொல்லிக் குடுத்தா? நான் போட்டது லிஸ்ட்டு. லிஸ்ட் போட்டிருக்கீங்களான்னு கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். சரி, அப்படியே கேட்டிருந்தாலும், முகம் தெரியாத ஒருத்தர்கிட்ட வீட்டுப் பாதுகாப்பு விஷயத்தச் சொல்லலாமா? அதுவும் ஒண்ணு இருக்குல்ல. "மதியம் ஆள் அனுப்புறோம் சார்"னுச்சு. வேற என்ன உதவி வேணும்னு கேட்டுச்சு. வேற என்ன உதவி!

பத்தே முக்காலுக்கு மித்ரா எழுந்திரிச்சுட்டா. "நான் டீச்சர் வீட்டுக்குப் போறேன்ப்பா. அவங்க இன்னைக்கு லீவு, வீட்ல நெட்டு இருக்கு."

"இரு, பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம். பத்து நிமிஷம் பொறு"ன்னேன். கம்பெனிக்காரன் பாக்குறப்ப பின்னால அடுத்த வீட்டுச் சுவரு, அடுத்த வீட்டுப் படம்... நம்ம வீட்ல இல்லாததா? வாசப்படியில நின்னேன். நான் தடுக்கல சார். நின்னேன், அவ்வளவுதான். என் வீட்டு வாசல்ல நான் நிக்கிறது தடுக்கிறதா?

போன் டவர்ல முயற்சி பண்ணா. ஒரு கோடு. அந்தக் கம்பெனிப் பக்கம் பாதி வந்து வெள்ளையா நின்னுபோச்சு. நான் மோடத்த மறுபடி அணைச்சு முப்பது எண்ணுனேன். எண்ணும்போது சத்தமாவே எண்ணியிருக்கேன் போல. "எண்ணாதீங்கப்பா"ன்னா. அதுக்குன்னு எண்ணாம எப்படி?

பதினொண்ணு அடிச்சுது. பதினொண்ணு அஞ்சு. போன் வந்துச்சு, கம்பெனியிலருந்து. இவ இங்கிலீஷ்ல சொல்றா, சாரி சாரின்னு நாலுதடவ சொல்லியிருப்பா. சார், நான் வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கல. எந்த ஒயரப் புடிச்சு ஆட்டுறதுன்னு தெரியல. மில்லுல மெஷின் நின்னா ஃபிட்டரக் கூப்பிடுவோம். இங்க யாரக் கூப்பிடுறது? எல்லாம் சரியா இருக்கு, விளக்கு எரியுது, பாஸ்வேர்டு சரி, ஆனா உள்ள விட மாட்டேங்குது. எதனாலன்னு அதுவும் சொல்லல.

அப்ப அடுப்படியிலருந்து வளர்மதி வந்தா. இருபத்தாறு வருஷத்துல அவ என்ன ஒரு வார்த்த எதுத்துப் பேசுனதில்ல. அன்னைக்கும் பேசல. ஈரக் கையச் சேலையில தொடச்சா. லேப்டாப்ப மூடி இடுப்புல இடுக்கினா, குடம் இடுக்குற மாதிரி. சார்ஜர் ஒயர் தரையில இழுபடுது. "வாடி"ன்னா. நேரா என்னப் பாத்து வந்தா. நான் விலகிட்டேன். விலகாம என்ன செய்யுறது, இடிச்சிட்டுப் போயிருப்பா.

டீச்சர் வீட்ல தட்டுன உடனே சேர்ந்துச்சாம். ஒரே தட்டு. பதினொண்ணு பதினெட்டுக்கு உள்ள போயிருக்கா. ஆனா மிச்ச நேரத்துக்குள்ளதான் எழுதணும்னு சொல்லிட்டாங்களாம். மூணு கணக்குல ரெண்டு முடிச்சாளாம். நான் இங்க மோடத்துக்கு முன்னால உக்காந்திருந்தேன், அந்த நாலு விளக்கப் பாத்துக்கிட்டு.

மதியம் ரெண்டு மணிக்கு ஆள் வந்தாரு. மித்ராவும் லேப்டாப்போட வந்து நின்னா. அவரு தன்னோட மெஷின்ல ஒயரப் போட்டு, எங்கிட்ட பாஸ்வேர்டு கேட்டு, அந்தப் பக்கத்தத் திறந்தாரு. ரெண்டு நிமிஷம் ஆகல. "சார், இங்க ஒரு லிஸ்ட் இருக்கே. இதுல இருக்கிறது மட்டும்தான் உள்ள வரும். லேப்டாப்புல கார்டு மாத்தியிருக்கீங்களா?" மாத்தியிருக்குன்னேன். "கார்டு மாறினா நம்பர் மாறிடும் சார். லிஸ்ட்ல பழைய நம்பர்தான் இருக்கு. யார் போட்டது இத?"

நான் சொல்றதுக்குள்ள மித்ரா, "அப்பா போட்டது"ன்னா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், அந்தச் சர்வீஸ் கடக்காரன் மேல. கார்டு மாத்துனா நம்பர் மாறும்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா? அப்பவே போன் போட்டுக் கிழிச்சேன். லேப்டாப்போட பேர நான்தானே சார் லிஸ்ட்ல ஏத்தினேன்? நான் எடுக்கலையே. அவ பேரு உள்ளதான் இருந்துச்சு. பேரு உள்ள இருக்கு, ஆள்தான் மாறிப்போச்சு. இதுல என் தப்பு என்ன, நீங்களே சொல்லுங்க.

போன வச்சிட்டுத் திரும்பினா, மித்ரா அங்கயே நிக்கிறா. "அப்பா, நான் காலைல கேட்டேன்ல?"ன்னா. சத்தம் போடல. கேட்டா, ஆமா கேட்டா. மாத்துனீங்களான்னு கேட்டா. நான் மாத்தல. அதத்தான் சொன்னேன். அத மறுபடி சொன்னேன். அவ தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டா.

புது நம்பர அப்பவே ஏத்திடுறேன், லேப்டாப்பக் குடுன்னு கேட்டேன். "வேண்டாம்ப்பா"ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த லேப்டாப் இந்த வீட்டு நெட்டுல ஏறவே இல்ல.

புனே கிடைக்கல. நாலாம் நாள் மெயில் வந்துச்சு. அதுக்கு நெட்டுதான் காரணம்னு எப்படிச் சொல்லுறது? மூணாவது கணக்கு அவளுக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம்ல. வளர்மதிகிட்ட இதச் சொன்னேன். அவ அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தா. பொடைக்கிறத நிறுத்தி என்னப் பாத்தா. பிறகு பொடைச்சா.

மறுநாள்லருந்து மித்ரா காலைல ஒம்பது மணிக்கு லேப்டாப்பத் தூக்கிட்டு டீச்சர் வீட்டுக்குப் போயிடுவா. டீச்சர் ஸ்கூலுக்குப் போயிடுவாங்க, சாவி இவ கையில. சாயங்காலம் வருவா. மூணு மாசம் சார். ஒருநாள் கேட் கிட்ட நின்னு, "இங்கயே இருந்து செய்யலாமே பாப்பா, நான் எல்லாம் சரி பண்ணித் தர்றேன்"னேன். "பரவால்லப்பா, அங்க பழகிருச்சு"ன்னா. மரியாதையாத்தான் சொன்னா. ஒரு வார்த்த கோவமாப் பேசியிருந்தா நானும் நாலு வார்த்த பேசியிருப்பேன். விஷயம் முடிஞ்சிருக்கும்.

சென்னையில வேல கிடைச்சுப் போயிட்டா. எட்டு மாசம் ஆகுது. போறப்ப கால்ல விழுந்து கும்பிட்டா. பஸ் ஏத்தி விட நான்தான் போனேன். டீச்சரும் வந்திருந்தாங்க.

அவ கிளம்பிப் போன அந்த வாரமே லிஸ்ட்ட மொத்தமா எடுத்துட்டேன். அதனால நீங்க பயப்பட வேண்டாம். உங்க போன், உங்க வீட்டம்மா போன், பத்தாவது படிக்கிற பொண்ணு இருக்குன்னீங்களே, அது போன், எதுவும் எங்கிட்ட எழுதிக் குடுக்க வேண்டியதில்ல. யார் வேணும்னாலும் வரலாம். ஆனா ஒண்ணு சொல்லுறேன், லிஸ்ட்டுங்கிறது நல்ல விஷயம்தான். பொண்ணு வச்சிருக்கீங்க. உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல போட்டுத் தர்றேன். கார்டு மாறினா நம்பர் மாறும், அத மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்.

இன்னும் கொஞ்சம் இருங்க, முடிச்சிடுறேன்.

மித்ரா தினமும் ஆறு மணிக்கு அம்மாவுக்கு வீடியோ கால் போடுவா. வளர்மதி அஞ்சே முக்காலுக்கே முகம் கழுவி, பொட்டு வச்சு, போன எடுத்துக்கிட்டு டீச்சர் வீட்டுக்குப் போயிடுவா. ஏன் இங்கயே பேசலாமேன்னு கேட்டா, "அங்கதாங்க தெளிவாத் தெரியுது"ங்கிறா. அது எப்படி? அவங்களுதவிட நம்மளுது வேகம் ஜாஸ்தி. நான் அளந்தே பாத்திருக்கேன். திரும்பி வந்ததும், என்ன சொன்னான்னு கேப்பேன். "நல்லா இருக்காளாம்"ம்பா. ஒரு மணி நேரம் பேசிட்டு வந்து ஒத்த வார்த்த.

போன மாசம் ஒருநாள் ஆறேகாலுக்கு நானே போனேன். டீச்சர்கிட்ட ஏணி கேக்கிற மாதிரி. உள்ள நுழையறப்பவே சிரிப்புச் சத்தம். மூணு பேரும் சிரிக்கிறாங்க, இங்க ரெண்டு பேரு, போனுக்குள்ள ஒண்ணு. மித்ரா அப்படிச் சிரிச்சு நான் எப்பக் கேட்டேன்னே தெரியல. என்னப் பாத்ததும் வளர்மதி, "அப்பா வந்திருக்காரு"ன்னு போன எங்கிட்ட குடுத்தா.

நல்லாத் தெரிஞ்சா சார். கொஞ்சம் மெலிஞ்சிருந்தா. முடிய வெட்டியிருந்தா. பின்னால ஒரு பச்ச நிறத் திரை.

"சாப்ட்டீங்களாப்பா?"ன்னா.

"சாப்ட்டேன்மா"ன்னேன். சாயங்காலம் ஆறேகாலுக்கு.

அவ பாத்துக்கிட்டே இருக்கா. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். கேக்கணும்னு எவ்வளவோ இருந்துச்சு. ஏழு மாசமா மனசுக்குள்ள சேத்து வச்சது. டீச்சர் வேற நிக்கிறாங்க, வளர்மதி என் கையிலருந்து போன வாங்கறதுக்குக் கைய நீட்டிக்கிட்டே நிக்கிறா.

"அங்க நெட்டு நல்லா வருதாம்மா?"ன்னு கேட்டேன்.

"நல்லா வருதுப்பா"ன்னா.

போனக் குடுத்துட்டு வந்துட்டேன். ஏணிய வாங்க மறந்துட்டேன்.